விரிசல் இல்லாத சைடு டிரம்

தம்பி,

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நீ கல்யாணப் பத்திரிகை கொடுத்துவிட்டுத் திருச்சியிலிருந்து திரும்பியதும் முதலில் மாடிக்குத்தான் ஏறுவாய் என்று தெரியும். கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டு காலியாக இருக்கும். பதறாதே. வாட்ச்மேனைப் பிடித்துக் கத்தாதே, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடாதே. உன்னுடைய பதினேழு சைடு டிரம்களில், நீ யாரையும் தொடவிடாத அந்தப் பித்தளை டிரம்மை நேற்றுக் காலையில் எடுத்துக்கொண்டு போனவன் நான்தான். அது இனி இந்த வீட்டுக்குத் திரும்பாது. ஞாயிற்றுக்கிழமை உன் ரிசப்ஷனில், திருப்பரங்குன்றம் மண்டபத்து மேடையில், அதை நடுவில் வைத்து ஐந்து பெரியவர்களை வாசிக்க வைப்பதாகச் சம்பந்தி வீட்டாரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். அந்த ஐந்து பேரில் ஒருவர் வருவாரா என்பதும் இப்போது எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் காரணம் நான். இதை நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்பதற்கு முன்னால் என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். என் வாயை எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் பேரம் பேசிய வாய் அது. உன் குரல் கொஞ்சம் மாறினாலே, சொல்ல வந்ததில் பாதியைக் குறைத்துக்கொண்டு மீதியைச் சொல்லும். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் நான் எதையும் பேசிப் பழகியவன். தாளுக்கு முகம் கிடையாது, அதனால் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படி. நடுவில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடாதே.

அந்த டிரம்முக்கு நீ ஒரு சின்ன அட்டை அச்சடித்து வைத்திருக்கிறாய். கொடைக்கானல் பங்களா ஏலத்தில் அப்பா எடுத்தது என்று அதில் இருக்கிறது. அது பொய். பங்களாவும் இல்லை, ஏலமும் இல்லை. நீ கேட்டபோது வாயில் வந்த ஊரைச் சொன்னேன். அதன் மேல் வளையத்தைத் தடவித் தடவி, "எந்த மடையன் இதைப் பாலிஷ் போட்டான்? பழைய எழுத்தெல்லாம் போயிருச்சே" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். பெங்களூரிலிருந்து அதைப் பார்க்க வந்தவரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார். அந்த மடையன் நான்தான். அந்த வளையத்தில் ஒரு பேண்டு செட்டின் பெயரும் ஒரு மனிதரின் பெயரும் ஆணியால் குத்தி எழுதப்பட்டிருந்தன. யாரும் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது என்று நானே மெஷினில் கொடுத்து வழித்தெடுத்தேன்.

நான் தொழிலுக்கு வந்தது சைக்கிளில். உசிலம்பட்டி, பேரையூர், திருவாதவூர் என்று ஒவ்வொரு பக்கமாகப் போய், ஓட்டை அண்டா, நெளிந்த குடம், உடைந்த குத்துவிளக்கு எல்லாம் எடுத்து வந்து கீழமாசி வீதிக் கடைகளில் போடுவேன். பிறகு அங்கேயே எனக்கென்று ஒரு கடை பிடித்தேன். பித்தளை நல்லதா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. பாத்திரத்தை ஒரு விரலில் தொங்கவிட்டு, முட்டியால் தட்டுவோம். குறை இல்லாத பித்தளை கோயில் மணி போல நீளமாகப் பேசும். விரிசல் விட்டிருந்தால் அந்த இடத்திலேயே செத்துவிடும். இதை விற்கிறவர்கள் எதிரிலேயே தட்டிக் காட்டித்தான் விலை சொல்வோம். தட்டும்போது இன்னொரு விரலை உள்பக்கச் சுவரில் லேசாகப் பட வைத்தால் போதும், நேற்று வார்த்த குடம்கூடச் செத்த சத்தம்தான் போடும். வெளியே நிற்கிறவர்களுக்கு அந்த விரல் தெரியாது. வீதியில் பாதிப் பேர் செய்தார்கள், நானும் செய்தேன். யாரும் இதைத் திருட்டு என்று நினைத்ததில்லை.

டிரம் என்றால் அப்போது எனக்குப் பித்தளை, அவ்வளவுதான். பழைய பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த மூன்று டிரம்களைச் சம்மட்டியால் தட்டையாக்கி, குடத்தோடு குடமாக எடை போட்டு உருக்க அனுப்பியிருக்கிறேன். இதை உன்னிடம் ஒருமுறை சொன்னபோது நீ இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சென்னையிலிருந்து சினிமாவுக்கு வாசிக்கிறவர் ஒருவர், கடையில் தொங்கிய, தோல் இல்லாத டிரம் கூட்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். பற்றவைத்த தையல் இருக்கிறதா என்று உள்ளே டார்ச் அடித்துத் தேடினார். தையல் இல்லாமல் ஒரே தகட்டை இழுத்துச் செய்த பித்தளைக் கூடு அபூர்வம் என்றும், அந்த மாதிரி ஒன்று கண்ணில் பட்டால் தனக்கு உடனே சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதை விட, சொல்லும்போது அவர் கை நடுங்கியதைத்தான் நான் மனதில் வைத்துக்கொண்டேன். ஒரு பொருளுக்கு என்ன மதிப்பு என்பதை நான் எப்போதும் அடுத்தவன் கையைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறேன்.

அடுத்த ஆடி மாதம் ராசையா கடைக்கு வந்தார். ஆமாம், நீ போன மாதம் பேரையூரில் தேடிக் கண்டுபிடித்தாயே, அதே ராசையாதான். அப்போது உனக்கு ஒன்பது வயது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் பேண்டு செட்டுக்காரர்கள் அந்த மாதத்தில்தான் வாத்தியங்களைப் பழுது பார்ப்பார்கள். அவர் விற்க வரவில்லை, தம்பி. மேல் வளையம் நெளிந்திருந்தது, அதை நிமிர்த்தித் தர ஆள் கேட்டு வந்தார். வளையத்தையும் தோலையும் கழற்றினோம். கூடு வெறுமையாக மேஜைமேல் இருந்தது. அவர் எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனதும் உள்ளே விரலை ஓட்டிப் பார்த்தேன். தையல் இல்லை. தூக்கித் தொங்கவிட்டு ஒழுங்காகத் தட்டினேன். அது பேச ஆரம்பித்து, நான் கல்லாவைத் திறந்து மூடிய பிறகும் பேசிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி வந்ததும் விரலை உள்ளே வைத்துக்கொண்டு தட்டினேன்.

"என்னண்ணே, கூடு விட்டிருச்சே."

"எங்க? கண்ணுக்கு ஒண்ணும் தெரியலயே."

"மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. கேளுங்க."

"நேத்துக்கூட வாசிச்சேன் மொதலாளி. எனக்கு அப்படிக் கேக்கலயே."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போயிருப்பார். அதற்காகத்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "பேஸ் டிரம் பக்கத்துலயே இருவது வருசம் நின்னா எந்தக் காது கேக்கும்? ஒங்க காது போயி ரொம்ப நாளாயிருக்கும்ணே. கூட நிக்கிறவுக சொல்லலயா?"

அவர் இடது காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு நான் சொன்னதற்கெல்லாம் சரி என்றார். கடையிலிருந்த புது ஸ்டீல் டிரம் ஒன்றைக் கொடுத்து, கூட்டின் எடைக்குப் பித்தளை விலையும் கொடுத்தேன். ஏமாற்றிவிட்டதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை, புதுசு கொடுத்தோமே என்றுதான் இருந்தது. அவர் படி இறங்கி வெயிலில் கொஞ்ச தூரம் போனவர், திரும்பி வந்தார். "ஒருக்கா தட்டுங்க மொதலாளி" என்றார். தட்டினேன். விரல் உள்ளேதான் இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். முதல் தடவை தட்டியது வியாபாரம் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். இரண்டாவது தடவைக்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியாமல் அதை நினைப்பதையே விட்டுவிட்டேன்.

அந்த டிரம்மைச் சென்னைக்காரரிடம் சொல்லவில்லை. விலை ஏறட்டும் என்று பரணில் போட்டு வைத்தேன். நீ காலேஜ் முடித்துக் கடைக்கு வந்த வருஷம் அதைக் கண்டெடுத்தாய். உன் கை நடுங்கியதைப் பார்த்ததும் விற்க மனசு வரவில்லை. அப்படித்தான் உன் சேகரிப்பு ஆரம்பித்தது. மற்றவர்கள் பழைய டிரம்மை மட்டும் தேடுவார்கள், நீ அதை வாசித்த ஆளையும் சேர்த்துத் தேடினாய். சர்ச் பேண்டில் வாசித்தவர், சர்க்கஸில் வாசித்தவர், போலீஸ் பேண்டிலிருந்து ரிட்டயர் ஆனவர் என்று ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூட்டி வந்தாய். சர்க்கஸ்காரர் மூன்று நாள் தங்கி, உன் அம்மா சமைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, நாலாம் நாள் காலையில்தான் குச்சியைத் தொட்டார். "சரக்கு எடுக்கப் போனா சரக்கோட வரணும், ஆளோட வாரான் ஒம்மகன்" என்று உன் அம்மாவிடம் நான் கேலி பேசியது உனக்கும் கேட்டிருக்கும். கேலிதான் பேசினேன். ஒவ்வொரு முறை நீ யாரையாவது கூட்டி வரும்போதும் வாசலில் யார் தலை தெரிகிறது என்று முதலில் பார்ப்பவன் நானாகத்தான் இருந்தேன்.

போன மாதம் அந்த நாள் வந்தது. நீ பேரையூர் போய்விட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்தபடியே, சந்தோஷம் தாங்காமல் சொன்னாய். ராசையா என்று ஒருவராம், மதுரையிலேயே அவர் கை மாதிரி ஒரு கை கிடையாது என்று போலீஸ் பேண்டுக்காரர் சொன்னாராம், இப்போது தீப்பெட்டி ஆபீஸில் வாட்ச்மேனாம், காது போய்விட்டதென்று குச்சியைத் தொட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறதாம். "நம்ம டிரம் மாதிரியே ஒண்ணு அவர்ட்டயும் இருந்துச்சாம்ப்பா. விரிசல் விட்டிருச்சாம். நம்மளுத அவர் கையில குடுத்து உக்கார வச்சாப் போதும்" என்றாய். எடுத்த கவளத்தை நான் தட்டிலேயே வைத்தேன். உன் அம்மா மோர் ஊற்ற வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவர் அந்த டிரம்மை விட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். எல்லா டிரம்மையும் விட்டுவிட்டார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் என்னவெல்லாம் யோசித்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். டிரம்மை விற்றுவிட்டதாக உன்னிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். மண்டபத்துக்கு வண்டியில் கொண்டு போகும்போது எங்கேயாவது விழுந்து நசுங்கினால் நல்லது என்று யோசித்தேன். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால்கூடப் பரவாயில்லை என்று ஒரு நாள் கோயிலில் நின்றுகொண்டே நினைத்தேன். அவர் குச்சியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினால் போதும். அது தன்னுடையது என்றும், அதில் விரிசல் என்றைக்கும் இருந்ததில்லை என்றும் அவருக்குத் தெரிந்துவிடும். உன் மாமனார் பள்ளிக்கூட வாத்தியார், முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். கடைசியில், முந்திக்கொண்டு நானே போய்ப் பொருளைக் கொடுத்துவிடுவது, பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் சொல்லாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். மனம் திருந்தி அங்கே போனேன் என்று நினைத்துவிடாதே. பேரம் பேசத்தான் போனேன்.

கார் எடுத்தால் டிரைவருக்குத் தெரியும் என்று பஸ்ஸில் போனேன். போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். திருமங்கலத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, "என்னண்ணே, சீர் பாத்திரமா?" என்று கேட்டார். இல்லை, கொட்டு என்றேன். "இந்த வயசுல கொட்டடிக்கப் போறீகளாக்கும்" என்று சிரித்தார். கல்லுப்பட்டி தாண்டியதும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. ஜன்னல் கம்பி தொட முடியாமல் சுட்டது.

அவருடைய மனைவி பாக்கியம்தான் கதவைத் திறந்தார். உன் அப்பா என்று சொன்னதும் என்னை உட்கார வைத்து, செம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் ராசையாவிடம் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். அந்த அம்மா தடுத்தார். "மெதுவாவே பேசுங்க. மத்ததெல்லாம் நல்லாத்தேன் கேக்கும். கொட்டுதேன் கேக்காதுன்னு சொல்லுவாரு." நான் போர்வையை அவிழ்த்தேன். ராசையா டிரம்மைப் பார்த்தார். பார்த்த உடனே தெரிந்துவிட்டது அவருக்கு. எழுத்து வழிக்கப்பட்ட இடத்தை விரலால் தடவி, என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் என்னையும் அடையாளம் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

நான் தயார் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். விரிசல் இல்லை, அன்றைக்கு விரலை வைத்துத் தட்டினேன், உங்கள் பொருள் உங்களிடமே இருக்கட்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. டிரம் முறுக்கும் சாவியைக் கொண்டுவரச் சொல்லி, திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நீ ஆள் வைத்துப் போட்ட கன்றுத்தோல் இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்தார். வெறும் கூட்டை என்னிடம் நீட்டினார்.

"எப்படிச் செஞ்சீகன்னு காட்டுங்க."

விரலை உள்ளே வைத்துத் தட்டினேன். செத்த சத்தம். விரலை எடுத்துவிட்டுத் தட்டினேன். வீடு முழுக்கக் கேட்டது. "இன்னொருக்கா" என்றார். தட்டினேன். "இன்னொருக்கா." எத்தனை முறை என்று தெரியாது. தோள் வலிக்க ஆரம்பித்தது, நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அடுப்படி வாசலில் நின்ற பாக்கியத்தம்மா, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். தங்கள் மகள் கல்யாணத்துக்குப் பழைய செட்டுக்காரர்கள் எல்லாரும் கூலி வாங்காமல் வாசிக்க வந்தார்களாம். ஒரே ஒரு பாட்டுக்கு வந்து நில்லுங்கள் என்று இவரைக் கூப்பிட்டார்களாம். "போகல. சபையில தாளம் தப்பினா எம்மகளுக்கு அவமானம்னுட்டாரு. அவுக வாசிச்சு முடிக்கிற வரைக்கும் பந்தியில எல எடுத்துக்கிட்டு இருந்தாரு, பொண்ணப் பெத்தவரு." அந்த அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும்.

ராசையா கூட்டை வாங்கித் தோலை மாட்டினார். இருபத்திரண்டு வருஷமாகத் தொடாத கை, ஒரு திருகைக்கூட மாற்றிப் போடவில்லை. ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் தோலை விரலால் சுண்டி, எல்லாப் பக்கமும் ஒரே சுரம் வரும்வரை முறுக்கினார். பாதியில் கை நின்றது. இது சரியாக இருக்கிறதா, அல்லது சரியாக இருப்பதாகத் தனக்குத்தான் கேட்கிறதா என்ற சந்தேகம். முகத்திலேயே அது தெரிந்தது. "நான் திரும்பிக்கிறேன். எதையாச்சும் ஒண்ணக் கொஞ்சம் லூசாக்குங்க" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். நான் ஒரு திருகைக் கால் சுற்று தளர்த்தினேன். அவர் வந்து ஒரு வட்டம் சுண்டிப் பார்த்து, அதே திருகைத் தொட்டார். இரண்டாவது முறையும் சரியாகத் தொட்டார். மூன்றாவது முறையும். நாலாவது முறை அவர் திரும்பி நின்றபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? சாவியைத் திருகில் வைத்துவிட்டு, திருப்பாமல் எடுத்துவிட்டேன். ஏன் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. பழக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் ஒரு வட்டம் சுண்டினார். இன்னொரு வட்டம் சுண்டினார். நெற்றியில் வியர்த்திருந்தது. என்னைப் பார்த்தார்.

"ஒண்ணயும் தொடல நீங்க. இப்பவும் ஏமாத்தத்தேன் பாக்குறீக."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னை விட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார். "பாக்கியம், காது இருக்குடி" என்றார். அந்த அம்மா இப்போதுதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதன் பிறகும் நான் விடவில்லை. கேட்க வந்ததைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் மகனிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றேன். வாய் கூசாமல் கேட்டேன், தம்பி. ராசையா அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. நீ அவரைப் பார்க்க வந்த அன்றைக்கு, பேசிக்கொண்டே நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டாயாம். அவர் தடுமாறட்டும் என்று வேண்டுமென்றே பேச்சின் வேகத்தை மாற்றிப் பார்த்தாராம். உன் விரல் மாறவில்லையாம். "நல்ல கை. அந்தத் தம்பி ஏன் வாசிக்கல?" என்று கேட்டார்.

நான் போர்வையை மடிக்கத் தொடங்கினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"அவருக்கும் வெரல வச்சீகளா?"

இதற்காகத்தான் இந்தக் கடிதம். ராசையா கதையை எப்படியும் நீ தெரிந்துகொண்டிருப்பாய். இதை மட்டும் என்னைத் தவிர யாரும் உனக்குச் சொல்ல முடியாது. பிளஸ் டூ முடித்த வருஷம், மதுரையில் கச்சேரிக்கு வந்த சென்னை மெல்லிசைக் குழு மாஸ்டர் முன்னால் நீ இரண்டு பாட்டுக்கு வாசித்தாய். மறுநாள் அவர் கடைக்குப் போன் செய்தார். நீ அப்போது குடோனில் இருந்தாய். நீ ஓடி வந்து கேட்டபோது நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் நினைவில் வைத்திருப்பாய், நானும் வைத்திருக்கிறேன். "கையில சுத்தமில்லையாம், தாளம் நிக்கலயாம், படிப்பப் பாக்கச் சொல்லுங்கன்னாரு." அவர் சொன்னது அதுவல்ல. திங்கட்கிழமை பையனை அனுப்பிவையுங்கள், இரண்டு வருஷம் என்னோடு இருக்கட்டும் என்றார். கடையில் உட்கார எனக்கு ஆள் வேண்டியிருந்தது. உன்னை மேடைகளுக்குக் கொடுத்துவிட்டு, இத்தனை பாடுபட்டுப் பிடித்த கடையை யாரிடம் விடுவது என்று நினைத்தேன். போகாதே என்று நேரடியாகச் சொல்லியிருந்தால் நீ சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பாய். அதனால் ராசையாவிடம் சொன்ன மாதிரியே உன்னிடமும் சொன்னேன். உனக்கு வராது என்று நீயே நம்பிவிட்டால் வேலை முடிந்தது. அந்த மாதமே உன் டிரம் செட்டைத் தூக்கி ஒரு ஸ்கூலுக்குக் கொடுத்தாய். இன்றைக்கும் யாராவது வாசிக்கச் சொன்னால், "எனக்குச் சேக்கத்தேன் தெரியும்" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறாய். அந்தச் சிரிப்பைப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மாவுக்கு இதை இன்று காலையில்தான் சொன்னேன். குழம்பை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனவள் இன்னும் வெளியே வரவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் நீ. புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று கேட்காதே, அடிபட்ட இடத்தைக் காட்டுகிறேன், அவ்வளவுதான். நித்யாவோடு உனக்குச் சண்டை வரும். வரத்தான் வேண்டும். கத்து, பேசாமல் இரு, விட்டுக்கொடு, கொடுக்காமல் போ, எல்லாம் ஆறிவிடும். ஆனால் சண்டையில் ஜெயிப்பதற்காக, உனக்குக் கணக்கு வராது, உனக்கு மறதி, உனக்கு மனிதர்களைத் தெரியாது என்று அவளைப் பற்றி அவளிடமே ஒரு பொய்யைச் சொல்லிவிடாதே. உன் அம்மாவிடம் நான் அப்படி நிறையச் சொல்லியிருக்கிறேன். சொன்னவன் மறந்துவிடுவான். கேட்டவர்கள் அதை நம்பி, அதற்கேற்றபடி தங்கள் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்வார்கள். நம் மேல் நம்பிக்கை அதிகம் இருக்கிறவர்கள்தான் அதிகமாகச் சுருங்குவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா என்று ராசையாவிடம் கடைசியாகக் கேட்டேன். "வாரதும் வராததும் ஒங்கட்டச் சொல்ல மாட்டேன். எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டு அந்தத் தம்பி வந்து கேக்கட்டும், அவர்ட்டச் சொல்லுறேன்" என்றார். டிரம் அவர் மடியில் இருந்தது. நான் தெருமுனை திரும்பும் வரை சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. நான் போகட்டும் என்று காத்திருந்தார் போலிருக்கிறது.

மாஸ்டரின் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இன்று விசாரித்து வாங்கினேன், ஆனால் அவரோடு பேசவில்லை. நான் முதலில் பேசினால் அவருக்கும் ஏதாவது சொல்லிக்கொடுத்து வைத்திருப்பேன் என்று நீ சந்தேகப்படுவாய், படத்தான் வேண்டும். நான் மேலே எழுதியதை அப்படியே நம்பாதே. அவரிடம் நீயே கேள். அவருக்கு நினைவிருந்தால் சொல்வார். அவர் வேறு மாதிரி சொன்னால் அவரை நம்பு.

பேரையூருக்கு வெள்ளிக்கிழமையே போவதானால் பத்து மணிக்குள் போய்ச் சேர், மத்தியானம் அவர் டூட்டிக்குப் போய்விடுவார். மண்டபத்து வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பதா வேண்டாமா என்று நீ சொல்லும் வரைக்கும் நான் புது வேட்டியைப் பிரிக்கப் போவதில்லை.

அப்பா